ஆறு டப்பா, மாதம் 9,400 ரூபாய்: முதல் முழு மராத்தானுக்கு இவ்வளவும் வேண்டுமா?

திருவான்மியூர் விடியல் | அக்டோபர் 27, இரவு 9.10

வணக்கம். வயது 38, எடை 58 கிலோ. இரண்டு அரை மராத்தான் முடித்திருக்கிறேன். ஜனவரியில் சென்னையில் முதல் முழு மராத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன்.

மூன்று வாரமாக உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை 24 கிலோமீட்டர் ஓடினால் செவ்வாய்க்கிழமை வரை மாடிப்படி ஏறக் கால் வருவதில்லை. ஆகஸ்டில் எளிதாக ஓடிய வேகத்தில் இப்போது மூச்சு வாங்குகிறது. பயிற்சியாளரிடம் சொன்னேன். ஒரு பட்டியல் அனுப்பினார்: வே புரதப் பொடி, பிசிஏஏ பொடி, வைட்டமின் சி 1000 மி.கி., வைட்டமின் ஈ 400, மெக்னீசியம், தண்ணீரில் கரைக்கும் உப்புச்சத்து வில்லைகள். கூட்டிப் பார்த்தால் மாதம் 9,400 ரூபாய். எங்கள் வீட்டு மளிகைச் செலவில் பாதி.

பணத்தைச் செலவழிக்கத் தயங்கவில்லை. அது என் உடம்பில் என்ன செய்யும் என்று தெரியாமல் செலவழிக்க மனம் வரவில்லை. நீண்ட தூரம் ஓடுபவர்கள், மிதிவண்டி ஓட்டுபவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

இரட்டைப்பாலம் | அக்டோபர் 27, இரவு 10.02

நான்கு ஆண்டுகளாக வே புரதம் எடுக்கிறேன். முழு மராத்தான் 4 மணி 20 நிமிடத்திலிருந்து 3 மணி 38 நிமிடத்துக்கு வந்திருக்கிறேன். நீண்ட ஓட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஒரு கரண்டி குடித்தால் மறுநாள் கால் வலி பாதியாகக் குறைகிறது. வைட்டமின் சி எடுக்கத் தொடங்கிய பிறகு பயிற்சிக் காலத்தில் சளி பிடிப்பதும் குறைந்துவிட்டது. உங்கள் பயிற்சியாளர் அனுபவத்தில் சொல்கிறார். நம்பி எடுங்கள். வாரம் 60 கிலோமீட்டர் ஓடும் உடம்பை இட்லியும் சாம்பாரும் மட்டும் தாங்காது.

ஊட்டக்கணக்கு | அக்டோபர் 28, காலை 6.45

நான் கோவையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். கடையில் எதையும் விற்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறு டப்பாவையும் ஒரே கேள்வியாகப் பார்க்கக் கூடாது. ஒவ்வொன்றும் வேறு வேறு கதை.

புரதத்திலிருந்து தொடங்குகிறேன். நீண்ட தூரம் ஓடுபவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.6 கிராம் புரதம் தேவை. கடுமையான பயிற்சி வாரங்களில் சற்றுக் கூடுதல். 58 கிலோவுக்கு 1.4 கிராம் என்று வைத்தால் 80 கிராம். நம் சைவச் சாப்பாட்டில் நாளெல்லாம் கூட்டினாலும் பெரும்பாலும் 45, 50 கிராம்தான் வரும். காலையில் நான்கு இட்லி, மதியம் சாதம், குழம்பு, பொரியல், இரவு மூன்று சப்பாத்தி. இதில் பருப்பு எவ்வளவு போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு முட்டை 12 கிராம். அரை லிட்டர் பால் அல்லது தயிர் 16 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம். 100 கிராம் பன்னீர் 18 கிராம். இவற்றைச் சேர்த்தால் பொடி இல்லாமலேயே 80 கிராம் எட்டலாம். வேலைக்குப் போகும் பெண்ணால் எல்லா நாளும் இது முடியாது என்றால், வே பொடி ஒரு கரண்டி போட்டுக்கொள்வதில் தவறில்லை. அது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுத்த புரதம், அவ்வளவுதான். அரை மணி நேரக் கெடுவும் அவ்வளவு கறாரானது இல்லை. நாள் முழுவதும் மூன்று நான்கு வேளையாக 20 கிராம் அளவில் பிரித்துச் சாப்பிடுவதுதான் அதைவிட முக்கியம்.

பிசிஏஏ தேவையில்லை. புரதத்தின் அடிப்படைத் துண்டுகள் அமினோ அமிலங்கள். அவற்றில் உடம்பால் தானே செய்துகொள்ள முடியாதவை ஒன்பது. பிசிஏஏ டப்பாவில் இருப்பவை அந்த ஒன்பதில் மூன்று மட்டும். தசை கட்ட ஒன்பதும் வேண்டும். முட்டையிலும் பாலிலும் ஒன்பதும் இருக்கின்றன. புரதம் போதுமான அளவு சாப்பிடுபவருக்கு அந்த மூன்றைத் தனியாக வாங்குவது வீண் செலவு.

வைட்டமின் சி, ஈ இரண்டையும் பெரிய அளவில் தினமும் எடுப்பதைத்தான் நான் உண்மையாகவே எதிர்க்கிறேன். ஓடும்போது தசையில் உருவாகும் ஆக்சிஜனேற்றப் பொருட்கள் வெறும் கழிவு இல்லை. "இந்தத் தசைக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா இன்னும் வேண்டும்" என்று உடம்புக்குச் சொல்லும் சேதியும் அவைதாம். அதைப் பெரிய மாத்திரையால் அணைத்தால் பயிற்சியின் பலனில் ஒரு பகுதியும் சேர்ந்து அணைகிறது. 2009ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் சி 1000 மி.கி., ஈ 400 அலகு எடுத்தவர்களுக்கு, உடற்பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் உணர்திறன் மேம்பாடு வரவில்லை. 2014ல் நார்வே ஆய்வில் 11 வாரம் இவற்றை எடுத்தவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா வளர்ச்சிக்கான குறியீடுகள் மட்டுப்பட்டன. அவர்களின் ஓட்டத் திறன் குறைந்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் எந்த ஆதாயமும் இல்லாமல், கெடுதல் வரக்கூடிய ஒன்றுக்கு மாதாமாதம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

ஆனால் எனக்கு இதையெல்லாம்விட உறுத்துவது நீங்கள் எழுதிய இன்னொரு வரி. "ஆகஸ்டில் எளிதாக ஓடிய வேகத்தில் இப்போது மூச்சு வாங்குகிறது." ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கம்பங்கூழ் | அக்டோபர் 28, காலை 7.30

எனக்கு 61 வயது. மதுரைப் பக்கம். இதுவரை 14 முழு மராத்தான். ஒரு மாத்திரை, ஒரு பொடி தொட்டதில்லை. காலையில் கம்பங்கூழ், ஓடி முடித்ததும் இளநீர், மதியம் வயிறு நிறையச் சோறு. கென்யாவில் உலகச் சாம்பியன்கள் மக்காச்சோளமாவுக் களியும் பால் தேநீரும் குடித்து ஓடுகிறார்கள். இளநீரை மிஞ்சிய உப்புச்சத்துப் பானம் உலகத்தில் கிடையாது. இந்த வில்லைகளை விற்பவர்கள் நம் தென்னந்தோப்பைப் பார்க்காதவர்கள்.

மிதிவண்டி 600 | அக்டோபர் 28, மதியம் 1.15

ஐயா, கென்யா பற்றி நீங்கள் சொன்னது சரி. அவர்கள் உணவில் முக்கால் பங்கு மாவுச்சத்து; நீங்கள் சொன்ன அந்தக் களி, அவர்கள் உகாலி என்பது, அதுதான் அடிப்படை. கூழைப் பற்றியும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இளநீர் விஷயத்தில் என் உடம்பில் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வியர்வையில் போகும் முக்கியமான உப்பு சோடியம். ஆளுக்கு ஆள் மாறும்; ஒரு லிட்டர் வியர்வைக்குச் சராசரியாக ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் அதில் சிறு பங்குதான். இளநீரில் இது தலைகீழ்: பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். சாதாரண நாளில் அமுதம். ஆறேழு மணி நேரம் வியர்த்த பிறகு அதை மட்டுமே நம்பினால் ஆபத்து.

நான்கு ஆண்டுகளுக்கு முன் 600 கிலோமீட்டர் பிரவே, அதாவது நெடுந்தூர மிதிவண்டிப் பயணம். 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மே மாத வெயில். தாகத்துக்குப் பயந்து ஒவ்வொரு கடையிலும் தண்ணீரும் இளநீருமாகக் குடித்துக்கொண்டே போனேன். உப்பு எதுவும் எடுக்கவில்லை. 380வது கிலோமீட்டரில் தலை வலித்தது. கையில் மோதிரம் இறுகியது. வாந்தி வந்தது. "நீர் வறட்சி" என்று நினைத்து இன்னும் ஒரு லிட்டர் குடித்தேன். ஒரு டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்தவனுக்கு, எந்த ஊருக்குப் போகிறோம் என்பதே மறந்துபோயிற்று. கூட வந்த நண்பர் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சோடியம் 124. சாதாரணமாக 135க்கு மேல் இருக்க வேண்டும்.

குறைவாகக் குடித்ததால் வந்த நோய் இல்லை அது. அதிகமாகக் குடித்ததால் வந்தது. 2002ல் பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. பெரும்பாலும் மெதுவாக ஓடி, ஒவ்வொரு நீர்ப்பந்தலிலும் நின்று குடித்தவர்கள். அந்த ஆண்டுப் பந்தயத்தில் ஓர் இளம்பெண் இதனாலேயே இறந்தார். நாலரை, ஐந்து மணி நேரம் ஓடப் போகும் தோழி இதைக் கவனிக்க வேண்டும். தாகத்துக்குக் குடியுங்கள். ஓடத் தொடங்கியபோது இருந்ததைவிட முடிக்கும்போது எடை கூடியிருக்கக் கூடாது. உப்பு எடுத்துக்கொள்கிறேன் என்ற தைரியத்தில் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் அதே குழியில்தான் தள்ளும்.

வில்லை வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஓர் எலுமிச்சை. நான் இப்போது ஓட்டுவது இதில்தான். வெள்ளைச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். இரண்டும் குடலில் வேறு வேறு வாசல் வழியாக உள்ளே போவதால் நெரிசல் குறைவு. விலை உயர்ந்த ஜெல்களில் இந்த இரண்டையும் கலந்து கொடுப்பதற்கும் அதுவே காரணம்.

கடையில் ஓஆர்எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் கலவைதானா என்று உறையைப் படித்து வாங்குங்கள். லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வெறும் சர்க்கரைப் பானம் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அதற்குத் தடை போட்டது.

கம்பங்கூழ் | அக்டோபர் 28, மாலை 5.50

தம்பி, 124 என்று படித்ததும் பதறிவிட்டேன். நான் ஓடுவதற்கு முன் நீராகாரத்தில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடிக்கும் வழக்கம். பந்தயத்தின்போது மோர் கொண்டுபோவேன், அதிலும் உப்பு. அதனால்தான் இத்தனை நாள் இளநீர் என்னைக் கைவிடவில்லை போலிருக்கிறது. இளையவர்களுக்குச் சொல்லும்போது இளநீரை மட்டும் சொல்லி உப்பை விட்டுவிட்டேன். தவறு என்னுடையது.

இரட்டைப்பாலம் | அக்டோபர் 28, இரவு 8.40

ஊட்டக்கணக்கு, நீங்கள் ஆய்வைச் சொல்கிறீர்கள். எனக்குச் சளி பிடிக்காமல் இருப்பது என் கண்ணெதிரே நடப்பது. அதை எப்படி மறுப்பீர்கள்? தசைப்பிடிப்புக்கு மெக்னீசியம் எடுத்தும் எனக்குக் குணம் தெரிந்திருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் வீண் என்று சொல்லிவிட்டால், பிறகு உலக அளவில் ஓடுபவர்கள் ஏன் எடுக்கிறார்கள்?

ஊட்டக்கணக்கு | அக்டோபர் 29, காலை 6.20

மறுக்கவில்லை. சளி விஷயத்தில் உங்கள் பக்கம் ஆதாரம் இருக்கிறது. பொதுமக்களுக்கு வைட்டமின் சி சளியைத் தடுப்பதில்லை. ஆனால் மராத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த படைவீரர்கள் ஆகியோரிடம் நடந்த ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சளி பிடிப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பந்தயத்துக்கு முந்தைய சில வாரம் எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆண்டு முழுவதும், ஈயோடு சேர்த்து எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். நூறு கிராம் கொய்யாவில் 200 மி.கி. வைட்டமின் சி இருக்கிறது.

தசைப்பிடிப்பு இன்னும் முழுதாக விளங்காத ஒன்று. உப்புக் குறைவுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பிடிப்பு வந்த வீரர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரத்த உப்பில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. களைத்த தசைக்கு நரம்பு கொடுக்கும் தவறான கட்டளை என்பதுதான் இன்று வலுவான விளக்கம். ஊறுகாய் நீர் ஒரு மிடறு குடித்தால் பிடிப்பு விரைவாக விடுகிறது என்று 2010ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த உப்பு குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர்வதற்கு முன்பே விட்டுவிட்டது. புளிப்பும் காரமும் தொண்டையில் பட்டு நரம்பைத் திசைதிருப்புகின்றன என்று கருதுகிறார்கள்.

நம்பிக்கைக்கும் வலிமை உண்டு. 2006ல் மிதிவண்டி வீரர்களிடம் "இன்று உங்களுக்குக் காஃபீன் கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லி வெறும் மாத்திரை கொடுத்தார்கள். நிறையக் கொடுத்ததாக நம்பிய நாளில் 3 சதவீதம் கூடுதல் விசையோடு ஓட்டினார்கள். வெறும் மாத்திரை என்று நினைத்த நாளில் வழக்கத்தைவிடக் குறைந்தது. உங்கள் மெக்னீசியத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அனுபவத்தை மட்டும் வைத்து எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்காக எழுதுகிறேன்.

எல்லாம் வீண் என்றும் நான் சொல்லவில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2018ல் வெளியிட்ட அறிக்கையில், திறனைக் கூட்டுவதற்கு நல்ல ஆதாரம் உள்ளவை என்று ஐந்தைத்தான் சொன்னார்கள்: காஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா-அலனின், சோடியம் பைகார்பனேட். கடைசி இரண்டும் சில நிமிடங்களில் முடியும் கடும் முயற்சிகளுக்கானவை. கிரியேட்டின் ஒன்றிரண்டு கிலோ எடை கூட்டும். 42 கிலோமீட்டர் அதைச் சுமக்க வேண்டும். மராத்தானுக்கு மிஞ்சுவது காஃபீனும் நைட்ரேட்டும்.

காஃபீன் கிலோவுக்கு 3 மி.கி. போதும், பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன். தோழிக்கு 174 மி.கி. நல்ல கெட்டியான ஃபில்டர் காபி இரண்டு டம்ளர் அதைத் தொடலாம். ஆனால் வீட்டுக்கு வீடு டிகாக்ஷன் வேறுபடும். பழகாத வயிறு பந்தயத்தன்று கலக்கும். பயிற்சி நாளில் முயன்று பார்க்காத எதையும் பந்தயத்தன்று தொடாதீர்கள். நைட்ரேட்டுக்குப் பீட்ரூட் சாறு. இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குடித்தால், அதே வேகத்துக்குச் செலவாகும் ஆக்சிஜன் சற்றுக் குறைகிறது என்று இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 2009 முதல் காட்டிவருகிறார்கள். நன்கு பயிற்சி பெற்ற முன்னணி வீரர்களிடம் பலன் குறைவு; நம்மைப் போன்றவர்களிடம் சற்றுத் தெளிவு. நைட்ரேட்டை மாற்றித் தருபவை நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள். அன்று காலை கிருமிநாசினி போட்டு வாய் கொப்பளித்தால் பலன் போய்விடும்.

தடகளத் தந்தை | நவம்பர் 21, இரவு 11.05

இங்கே படித்தவர்கள் பேசுகிறீர்கள். குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தென் மாவட்டத்துச் சிற்றூர். மகளுக்கு 17 வயது. 3000, 5000 மீட்டர் ஓடுகிறாள். மாவட்டத்தில் இரண்டு முறை முதலிடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பிறகு வேலை என்று நம்பியிருக்கிறோம்.

மூன்று மாதமாக நேரம் குறையவில்லை. மைதானத்தில் பயிற்சி தருபவர் ஒரு டப்பா கொடுத்தார். 2,500 ரூபாய். வெளிநாட்டுப் பொடி என்றார். டப்பாவில் ஒட்டியிருந்த தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது. தினமும் இரண்டு கரண்டி பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார். "எல்லாப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள், உங்கள் பிள்ளை மட்டும் பின்தங்கும்" என்கிறார். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா?

பழைய 1500 | நவம்பர் 21, இரவு 11.31

கொடுக்காதீர்கள். இன்றிரவே அலமாரியில் பூட்டி வையுங்கள்.

நான் விளையாட்டு விடுதியில் வளர்ந்தவன். 2011ல் என் அறைத்தோழன் இப்படி ஒரு பொடி குடித்தான். பெயர் தெரியாத டப்பா. தேசியப் போட்டியில் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். ஸ்டீராய்டு. "எனக்குத் தெரியாது, கொடுத்தார்கள் குடித்தேன்" என்று அழுதான். உள்ளே போனதற்கு வீரனே பொறுப்பு என்பதுதான் விதி. அப்போது இரண்டு ஆண்டுத் தடை. இப்போது முதல் தவறுக்கே நான்கு ஆண்டு வரை. டப்பாவைக் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தடை முடியும்போது தோழனுக்கு வயது 22. அவன் திரும்பி ஓடவில்லை. ஊரில் அவன் அம்மா கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். எனக்கு இன்றும் அது ஆறாத புண்.

விற்பவர் ஏமாற்றுகிறார் என்றுகூட இருக்க வேண்டியதில்லை. 2000, 2001ல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் 634 சப்ளிமெண்ட்களை வாங்கிச் சோதித்தது. 94ல், உறையில் சொல்லப்படாத ஸ்டீராய்டு கலந்திருந்தது. நம் நாட்டு நிலைமை: 2023ல் இந்தியாவில் வீரர்களிடம் ஊக்கமருந்துச் சோதனைக்கு எடுத்த 5,606 மாதிரிகளில் 213 தோற்றன. அதிகமாகச் சோதிக்கும் நாடுகளிலேயே மோசமான விகிதம் நம்முடையது. அந்த 213ல் எத்தனை பேர் உங்கள் மகளைப் போல் கொடுத்ததைக் குடித்த பிள்ளைகளோ.

இரட்டைப்பாலம் | நவம்பர் 22, காலை 7.10

ஐயா, இந்த இழையில் பொடிக்கு ஆதரவாகப் பேசியவன் நான். நானும் சொல்கிறேன், கொடுக்காதீர்கள். தாள் கிழித்த டப்பாவை நாய்க்கும் வைக்க மாட்டேன். உறை கிழியாத டப்பாக்களிலேயே நம்பிக்கை குறைவு. 2024ல் கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 70 சதவீதத்தில் உறையில் போட்ட புரத அளவு சரியில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. அதைப் படித்த பிறகுதான் நானும் ஒவ்வொரு தொகுதியையும் வெளி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று போடும் பொடிக்கு மாறினேன். விலை ஒன்றரை மடங்கு.

ஊட்டக்கணக்கு | நவம்பர் 22, காலை 7.25

ஐயா, டப்பாவைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வேறு ஒன்று கேட்க வேண்டும். பொதுவெளியில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்: மகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? கடைசியாக எப்போது? எடை குறைக்கச் சொல்லி யாராவது சொல்லியிருக்கிறார்களா? காலின் முன்னெலும்பில், ஒரே இடத்தில், அழுத்தினால் வலி இருக்கிறதா?

தடகளத் தந்தை | நவம்பர் 22, இரவு 9.48

என் மனைவி கேட்டாள். ஐந்து மாதமாக வரவில்லை. "ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான், அது நல்லது, உடம்பு கட்டாகிறது" என்று மைதானத்தில் சொன்னார்களாம். இரண்டு கிலோ குறைத்தால் நேரம் குறையும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரவில் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்திருக்கிறாள். இடது காலில் வலி இருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை.

ஊட்டக்கணக்கு | நவம்பர் 22, இரவு 10.15

நல்லது என்று சொன்னவர் தவறாகச் சொன்னார். மாதவிலக்கு நிற்பது, உடம்பு "எனக்குப் போதவில்லை" என்று சொல்வது. ஓடுவதற்குச் செலவான சக்தி போக மிச்சம் இருப்பது போதாவிட்டால், உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு கட்டப்படுவது குறைகிறது. 17 வயது, எலும்பு சேரும் வயது. அதில் தவறியதைப் பிறகு முழுதாகப் பிடிக்க முடியாது. ஒலிம்பிக் குழு 2014லிருந்து இதற்கென்று தனிப் பெயர் வைத்து எச்சரித்துவருகிறது. நேரம் குறையாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

திங்கட்கிழமை ஓட வேண்டாம். எலும்பு மருத்துவரிடமும் மகளிர் மருத்துவரிடமும் காட்டுங்கள். மற்ற காரணங்களும் உண்டா என்று அவர்கள் பார்க்க வேண்டும். அந்த 2,500 ரூபாய்க்கு முட்டையும் கடலையும் பாலும் வாங்குங்கள். அவளைத் திட்டாதீர்கள், ஐயா. அவள் சொன்னபடி கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

திருவான்மியூர் விடியல் | நவம்பர் 24, இரவு 8.30

இழையைத் தொடங்கியவள் இவ்வளவு தாமதமாக வருகிறேன். அந்தப் பிள்ளையைப் பற்றிப் படித்து இரண்டு நாள் மனம் சரியில்லை. ஏனென்றால் நானும் எடை குறையட்டும் என்று செப்டம்பரிலிருந்து இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கியிருந்தேன்.

நவம்பர் முதல் வாரம் பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் 12.1. அறிக்கையில் "இயல்பு" என்று அச்சடித்திருந்தது. ஃபெரிட்டின் 9. ஊட்டக்கணக்கு கேட்டிராவிட்டால் ஃபெரிட்டினைப் பார்த்திருக்கவே மாட்டேன். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். பட்டியலிலிருந்த ஆறில் அது இல்லவே இல்லை. பிசிஏஏ, வைட்டமின் ஈ இரண்டையும் வாங்கவில்லை.

ஊட்டக்கணக்கு | நவம்பர் 25, காலை 6.10

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 15க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. இரத்தம் இன்னும் குறையவில்லை, களஞ்சியம் துடைத்தாயிற்று. 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது தேசியக் குடும்ப நல ஆய்வு. அவர்களில் ஓடுபவர்கள் வியர்வையிலும், பாதம் தரையில் மோதும்போது உடையும் சிவப்பணுக்களிலும் இன்னும் கொஞ்சம் இழக்கிறார்கள்.

மாத்திரை எப்போது போடுகிறீர்கள் என்பது முக்கியம். ஓடி முடித்த மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உச்சத்துக்குப் போகிறது. அது குடலில் இரும்பின் வாசலைச் சாத்திவிடும். காலையில் ஓடும் முன்போ, முடித்த உடனேயோ போடுங்கள். எலுமிச்சைச் சாறோடு. காபி, தேநீர் ஒரு மணி நேரம் தள்ளி. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உறிஞ்சப்படும் பங்கு கூடுகிறது என்று சூரிச்சில் இரும்புக் குறைவுள்ள பெண்களிடம் செய்த ஆய்வு 2017ல் காட்டியது. உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பரிசோதனை செய்யாமல் இதைப் படித்துவிட்டு யாரும் இரும்பு மாத்திரை வாங்காதீர்கள். உடம்புக்கு மிகுதி இரும்பை வெளியேற்றத் தெரியாது, கல்லீரலில் சேர்த்துவைக்கும்.

கம்பங்கூழ் | நவம்பர் 25, காலை 7.00

முருங்கைக்கீரை போதாதா அம்மா?

ஊட்டக்கணக்கு | நவம்பர் 25, காலை 7.20

காலியான களஞ்சியத்தை நிரப்பக் கீரை மட்டும் போதாது, ஐயா. கீரை இரும்பில் உடம்புக்குள் போவது சிறு பங்கு. நிரம்பிய பிறகு காலியாகாமல் காக்கக் கீரை வேண்டும். எலுமிச்சை பிழிந்து, கூடவே தேநீர் இல்லாமல்.

திருவான்மியூர் விடியல் | ஜனவரி 14, மாலை 6.40

முடித்துவிட்டேன். 4 மணி 41 நிமிடம்.

உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் 30 கிலோமீட்டருக்கு மேல் தாங்காது என்று தெரிந்ததால் மணிக்கு 45 கிராம் மாவுச்சத்து என்று கணக்குப் போட்டுப் போனேன். மிதிவண்டி 600 சொன்ன எலுமிச்சைக் கலவை அரை லிட்டர் இடுப்புப் பட்டையில். பாதித் தூரத்தில் தங்கை இன்னோர் அரை லிட்டர் கொடுத்தாள். நான்கு ஜெல், பேரீச்சம்பழம், பாதி வாழைப்பழம். டிசம்பர் முழுவதும் நீண்ட ஓட்டங்களில் இதையே பழகியிருந்தேன். 34ல் கடினமாக இருந்தது, நிற்கவில்லை. நேப்பியர் பாலத்துக் காற்று முகத்தில் பட்டபோது அழுதுவிட்டேன்.

ஃபெரிட்டின் இப்போது 26. இன்னும் மூன்று மாதம் மாத்திரை தொடரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு வே டப்பா பாதி மிச்சம் இருக்கிறது; சுண்டல் செய்ய முடியாத நாளில் மட்டும் போடுகிறேன். இரவில் முழுச் சாப்பாடு சாப்பிடுகிறேன், எட்டு மணி நேரம் தூங்குகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் படி ஏற முடிகிறது.

அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள்?

தடகளத் தந்தை | ஜனவரி 15, இரவு 10.20

வாழ்த்துகள் அம்மா. எல்லோருக்கும் என் வணக்கம்.

காலெலும்பில் கீறல் தொடங்கியிருந்தது. ஸ்கேனில் தெரிந்தது. ஏழு வாரம் ஓடவில்லை. மூன்றரைக் கிலோ ஏறியிருக்கிறாள். போன வாரம் மாதவிலக்கு வந்தது. என் மனைவி பக்கத்து வீட்டுக்கெல்லாம் போளி செய்து கொடுத்தாள், காரணம் மட்டும் சொல்லவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பணம் வரவில்லை. வேறு மைதானம் பார்த்திருக்கிறோம், பஸ்ஸில் 40 நிமிடம்.

திங்கட்கிழமை முதல் 20 நிமிடம் மெதுவாக ஓடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தேகால் மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவாள். வெறும் வயிற்றோடு அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நேரத்துக்கு என்ன கொடுக்கலாம்?

ஊட்டக்கணக்கு | ஜனவரி 15, இரவு 10.34

வாழைப்பழம் ஒன்று, பேரீச்சம்பழம் இரண்டு, ஒரு டம்ளர் பால். ஓடி முடித்ததும் பஸ்ஸில் சாப்பிட இரண்டு அவித்த முட்டையும் ஓர் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து காலை உணவு தனியாக. அதை நீங்களும் அவள் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.